புதுப்பிப்பு: குதிரைக்குட்டியின் முழங்கால் வீக்கம்

கடலூரில் எங்கள் பத்து மாதக் குட்டிக்கு முன்னங்கால் மூட்டுகள் புடைத்து நிற்கின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. சுளுக்குதான் என்று சாதித்தேன். குற்றம் தீவனத் தொட்டியில் இருந்திருக்கிறது.

தினமும் இரண்டு படி கோதுமைத் தவிடு வைத்து வந்தேன். தவிட்டில் கால்சியத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு பாஸ்பரஸ். வளரும் குட்டிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் ஒன்றரை, இரண்டு பங்கு. அது கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்து எங்களை ஏமாற்றியது அதனால்தான். போதாததற்கு நான் வெட்டிப் போட்ட கம்பு நேப்பியர் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு. இருக்கிற கால்சியத்தையும் அது கட்டிப்போட்டுவிடும்.

இப்போது தவிடு ஒரு கைப்பிடிதான். கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவுக்கு, கால்சியத்துக்காகச் சுண்ணாம்புக்கல் தூளைத் தவிட்டோடு தண்ணீர் தெளித்துப் பிசைகிறேன். உலர்வாகப் போட்டால் ஊதித் தள்ளிவிட்டுத் தவிட்டை மட்டும் நக்குகிறது, கள்ளன். கூடவே கால்சியம் நிறைந்த குதிரை மசால் என்ற தீவனப் பயிர். பேரிலேயே குதிரை இருக்கிறது, நான் மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்!

அப்புறம், மாட்டுத் தீவனத்தைக் குதிரைக்கு வைக்காதீர்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து கலந்திருந்தால் குதிரையின் இதயத்தையே பாதிக்கும்.

ஐந்து வாரத்தில் இடது மூட்டு வற்றியிருக்கிறது. வலது பக்கம் தொட்டால் இன்னும் சுடுகிறது.