தருணி சச்தேவைப் பற்றிக் குழந்தைகள் எதை எழுதலாம்?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
எங்கள் வாசகசாலையில் கோடை விடுமுறைக்காகப் பிள்ளைகள் ஒரு கையெழுத்து இதழ் தயாரிக்கிறார்கள். ‘வெள்ளிநட்சத்திரம்’ மலையாளப் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இருவர், அதில் நடித்த சிறுமி தருணி சச்தேவைப் பற்றித்தான் எழுதுவோம் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள். இணையத்தில் தேடினால், தருணி சச்தேவ் பிறந்ததும் இறந்ததும் மே 14 என்பதையே திகில் கதைபோலத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் எழுதத்தக்கவை எவை? அந்த மரணத்தைக் குறிப்பிடலாமா?

வேலந்தாவளம் ஆசிரியை:
அவர் செய்த வேலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், ஐயா. 1998இல் மும்பையில் பிறந்தவர், 2004இல் வினயன் இயக்கிய ‘வெள்ளிநட்சத்திரம்’, ‘சத்யம்’ ஆகிய இரு படங்களிலும் பிருத்விராஜுடன் நடித்தார். அப்போது ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் வயதுதான் அவருக்கு. 2008இல் ஷாருக் கான் ஸ்டார் பிளஸில் நடத்திய வினாடி வினாவில், பள்ளிப் பாடக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் திணறும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும் மாணவரின் விடையை எட்டிப் பார்க்கவும் காப்பியடிக்கவும் அனுமதி இருந்தது. அந்த மாணவர்களில் தருணியும் ஒருவர். உங்கள் பிள்ளைகள் மிகவும் ரசிக்கப்போவது இதைத்தான் என்று நினைக்கிறேன். அடுத்த ஆண்டு அமிதாப் பச்சனின் ‘பா’ படத்திலும் நடித்தார்.

மறையூர்க்காரர்:
ஆசிரியை சொன்னவற்றோடு விளம்பரங்களையும் சேர்க்க வேண்டும். உண்மையில் அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தவை அவைதாம். ரஸ்னா, கோல்கேட், சக்தி மசாலா என்று பலவற்றில் வந்தார். நம் எல்லைப்புற வீடுகளில் மலையாள அலைவரிசையில் படம், ரிமோட்டை அழுத்தினால் தமிழ் அலைவரிசையில் விளம்பரம் என்று இரு பக்கமும் தெரிந்த முகம் அது. ஆனால் விளம்பரத்தில் நடிப்பவர் பெயரைப் போடும் வழக்கமில்லை. முகத்தைத் தெரிந்துகொண்ட பலருக்குப் பெயர் தெரிய வந்ததே 2012இல் வந்த விபத்துச் செய்தியில்தான். தேடும்போது மரணமே முன்னால் வந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இன்னொன்று, எண்பதுகளில் புகழ்பெற்ற ‘ஐ லவ் யூ ரஸ்னா’ சிறுமி இவரே என்று சிலர் எழுதுகிறார்கள். அப்போது இவர் பிறக்கவே இல்லை.

குமுளி வாசகி:
மரணத்தை மறைக்க வேண்டாம், அண்ணா. பிள்ளைகள் எப்படியும் தேடிப் பார்த்துவிடுவார்கள். 2012 மே 14 அன்று நேபாளத்தின் பொக்காராவிலிருந்து ஜோம்சோம் சென்ற அக்னி ஏர் விமானம், தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டுத் திரும்பும்போது மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த 21 பேரில் 15 பேர் இறந்தனர். தருணியும் அவருடைய தாயும் அவர்களில் அடங்குவர். ஜோம்சோம், முக்திநாத் யாத்திரை செல்வோர் இறங்கும் இடம். நம் வைணவப் பெரியவர்கள் சாளக்கிராமம் என்று போற்றும் திவ்ய தேசம் அந்த முக்திநாத். இவ்வளவும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். சாவை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்பன போன்ற கதைகளுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
மூவருக்கும் நன்றி. வினாடி வினாவை முதல் பக்கத்தில் படமாக வரையப்போவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். விபத்தைக் கடைசிப் பத்தியில் வைத்து, அதன் பிறகு 2014இல் வெளிவந்த ‘வெற்றிச்செல்வன்’ என்ற தமிழ்ப் படத்திலும் அவர் நடித்திருந்ததைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.