லிண்டலோடு நின்றுபோன பள்ளிக் கட்டடம்: யாரைக் கேட்பது?

கேள்வி (கேட்பவர்: மலையடிவாரம்)

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு ரெண்டு வகுப்பறை கட்ட ஆரம்பித்தார்கள். லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் விட்டம்) மட்டத்தோடு வேலை நின்று ஏழு மாதம் ஆகிறது. மூணு வகுப்பு ஒரே வராந்தாவில் உட்காருகிறது. பள்ளியில் கேட்டால் ஒன்றியத்தைக் கை காட்டுகிறார்கள், ஒன்றியத்தில் காண்ட்ராக்டரைச் சொல்கிறார்கள், காண்ட்ராக்டர் பில் வரவில்லை என்கிறார். மனு எங்கே கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (எம்புக்)

முதலில் ஒன்று சார். இந்த மனுவை முதன்மைக் கல்வி அலுவலருக்குப் போட்டால் வீண் அலைச்சல். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடம் என்றால் பெரும்பாலும் பொதுப்பணித் துறை. ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் ஊரக வளர்ச்சித் துறை. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) என்றாலும் ரெண்டு பேர் உண்டு, நீங்கள் பார்க்க வேண்டியவர் வட்டார ஊராட்சி பி.டி.ஓ. அவருக்கு மேலே மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் திட்ட இயக்குநர், அப்புறம் கலெக்டர்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். "ஏன் தாமதம்" என்று மட்டும் கேட்காதீர்கள். கோப்பில் இல்லாத காரணத்தை எழுதித் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நகல் கேளுங்கள்: வேலை உத்தரவு, ஒப்பந்தம், இடம் ஒப்படைத்த தேதி, எம்-புக் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், பட்டுவாடா விவரம், காண்ட்ராக்டருக்குப் போன நோட்டீஸ், கால நீட்டிப்பு ஆணை.

இதில் எம்-புக்தான் உயிர். லிண்டல் வரை சுவர் எழும்பியிருக்க, பதிவு பேஸ்மென்ட்டோடு நின்றிருந்தால் அளவே எடுக்கவில்லை, பொறுப்பு பொறியாளர் பக்கம். அளவு ஏறி, பில் பாஸாகி, பணம் மட்டும் போகவில்லை என்றால் நிதி மேலேயிருந்து வரவில்லை. அப்போது ஓவர்சியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, திட்ட இயக்குநரைத்தான் பார்க்க வேண்டும். இது ரெண்டும் இல்லாமல், பணம் வாங்கியும் ஆள் வரவில்லை என்றால் நோட்டீஸ், அபராதம், கடைசியில் ஒப்பந்த ரத்து. ரத்து ஆனால் மீதி வேலையை மறுபடி மதிப்பிட்டு டெண்டர் விட வேண்டும், அதுவே பல மாதம் இழுக்கும். அதனால் "ரத்து பண்ணுங்கள்" என்று எடுத்த எடுப்பிலேயே எழுத வேண்டாம்.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள்.

பதில் 2 (கம்பிகட்டி)

மேலே சொன்னது சரி. ஆனால் வேலை மறுபடி தொடங்கும் நாள்தான் ஆபத்தான நாள், தோழர். ஏழு மாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைப் போய்ப் பாருங்கள். லேசான பழுப்பு என்றால் பயமில்லை. நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்கிறது என்றால், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விட்டம் குறைந்திருக்கிறதா என்று அளந்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். பழைய கான்கிரீட்டின் மேல்முகத்தைக் கொத்தி, கழுவி, ஈரமாக்கிச் சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) விடணும். இல்லையென்றால் புதுசும் பழசும் ஒட்டாது.

சைட்டில் பூட்டி வைத்த சிமெண்ட் மூட்டை மூணு மாதம் தாண்டியிருந்தால் டெஸ்ட் பண்ணாமல் தொடக் கூடாது. கட்டி தட்டியிருந்தால் கேள்வியே இல்லை, வெளியே போகட்டும்.

இன்னொன்று, தாமதத்தை ஈடுகட்ட, கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுக்களைச் சீக்கிரம் பிரிப்பார்கள். இரண்டு தாங்கலுக்கு இடையே நாலரை மீட்டருக்கு மேற்பட்ட ஸ்லாப் என்றால் 14 நாள், ஆறு மீட்டர் தாண்டிய பீம் என்றால் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். வேலூர் வெயிலில் கான்கிரீட்டை ஈரமாக வைக்கத் தண்ணீர் கட்டுவதையும் 10 நாளுக்குக் குறைக்க விடாதீர்கள்.

மலையடிவாரம்

நன்றிங்க ரெண்டு பேருக்கும். வேலை நடக்கும்போது ஊர்க்காரர்கள் போய்ப் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டா? கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கிறதா?

பதில் 3 (எம்புக்)

உண்டு சார். அதே தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையைப் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், பொருளின் மாதிரியும் சான்றிட்டுக் கேட்கலாம். எழுதிக் கொடுத்து, தேதி வாங்கிக்கொண்டு போங்கள். கிராம சபையால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது, ஆனால் பள்ளியின் பெயர், வேலை உத்தரவு எண், முடிக்க வேண்டிய தேதி மூன்றும் தீர்மானத்தில் ஏறிவிட்டால் யாரும் "தெரியாது" என்று சொல்ல முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் அதையே பதிவு செய்யச் சொல்லுங்கள். ரெண்டு நகலையும் எம்-புக் பக்கத்தோடு சேர்த்து, திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் கொடுத்து மனு எண் வாங்குங்கள். கட்டடம் முடியும் வரை அந்த மூணு வகுப்புக்கும் மாற்று இடம் வேண்டும் என்பதைத் தனி மனுவாக எழுதுங்கள். ஒன்றாகச் சேர்த்தால் இரண்டும் ஒரே கோப்பில் சிக்கிக்கொள்ளும்.