அல்சூரிலிருந்து 24 மணி நேர இணைய வானொலி: அறைக்குள் கேட்கிறது, வெளியே கேட்கவில்லை

அல்சூர்_அலை

வணக்கம். அல்சூரில் ஒரு சின்ன அறையை வைத்து, பெங்களூர்த் தமிழர்களுக்காக 24 மணி நேர இணைய வானொலி தொடங்கும் வேலையில் இருக்கிறோம். பகலெல்லாம் பாட்டு, மாலை 7 முதல் 9 வரை நேரலைப் பேச்சு.

இப்போது இருப்பது: உபுண்டு 22.04 போட்ட ஐ3 டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம். அதிலேயே ஐஸ்காஸ்ட் 2.4.4 (ஒலி ஓடையைக் கேட்பவர்களுக்குப் பிரித்து அனுப்பும் சர்வர்). யூஎஸ்பி மிக்சர், ஒலி அனுப்ப ‘பட்’ மென்பொருள், எம்பி3 128 கேபிபிஎஸ். ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ், அப்லோடும் ஏறக்குறைய அதே வேகம்.

சிக்கல்கள்: அறை வைஃபையில் அருமையாகக் கேட்கிறது. ரவுட்டரில் 8000 போர்ட்டைத் திறந்துவிட்டும் வெளியிலிருந்து ஒருவருக்கும் வரவில்லை. எங்கள் இணையதளம் ஹெச்டிடிபிஎஸ்; அதில் போட்ட பிளேயரை அழுத்தினால் சத்தமே இல்லை. கரண்ட் போனால் நிலையம் மொத்தமாக நின்றுவிடும். பாட்டுப் பெயரைத் தமிழில் போட்டால் ஏதோ கிறுக்கல் எழுத்தாக வருகிறது. சினிமாப் பாட்டுக்கு உரிமம் எப்படி வாங்குவது என்பதும் தெரிய வேண்டும். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடித்தால் நல்லது.

கம்பிவட்டம்

முதலில் ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி) என்னவென்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு அங்கே வந்து சேராது. சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் முகவரியும் கொடுப்பதுண்டு. சந்தேகம் இருந்தால் ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளத்தில் வருவதையும் வான் ஐபியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அதே கதைதான்.

நிலையான ஐபி காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் வாங்காதீர்கள். கேட்பவர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சர்வர் அறைக்குள் இருக்கவே கூடாது. ஒரு விபிஎஸ் (தரவு மையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்து ஐஸ்காஸ்டை அங்கே வையுங்கள். அறையிலிருந்து போவது ஒரே ஒரு 128 கேபிபிஎஸ் ஓடை. அது நீங்களாக வெளியே தொடுக்கும் இணைப்பு என்பதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது.

ஐஸ்காஸ்ட் எதையும் என்கோடு செய்வதில்லை, வந்த பைட்டுகளைப் படியெடுத்து அனுப்புவதோடு சரி. 1 விசிபியு, 1 ஜிபி ரேம் தாராளம். ஆகும் செலவெல்லாம் டேட்டாவில்தான். 128 கேபிபிஎஸ் என்றால் ஒரு ஆள் ஒரு மணி நேரம் கேட்க 57.6 எம்பி. நாள் முழுக்கச் சராசரியாக 24 பேர் கேட்டால் 30 நாளில் ஏறக்குறைய 1 டிபி. 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் அதே 1 டிபியில் 48 பேர். உச்ச நேரக் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், விடியற்காலை 3 மணிக்குக் கேட்பவர்களையும் சேர்த்து வரும் சராசரிதான் பில்லைத் தீர்மானிக்கும்.

டிஜிட்டல்ஓஷனுக்குப் பெங்களூரிலும், அமேசானுக்கும் லினோடுக்கும் மும்பையிலும் தரவு மையம் இருக்கிறது. ஒலிக்கு 20, 30 மில்லிசெகண்ட் வித்தியாசம் பொருட்டே இல்லை. மாதம் இத்தனை டிபி என்று சேர்த்துக் கொடுக்கும் திட்டமா, ஜிபிக்கு இவ்வளவு என்று தனியாக அளக்கும் திட்டமா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது வகை வானொலிக்கு ஆகாது.

ஐஸ்காஸ்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். சோர்ஸ் (ஒலியை அனுப்பும் பக்கம்), ரிலே, அட்மின் என மூன்று கடவுச்சொல்லும் ‘ஹேக்மீ’ என்று இருக்கும், மூன்றையும் மாற்றுங்கள். இணையத்தில் 8000 போர்ட்டைத் தேடி அதே சொல்லைப் போட்டுப் பார்க்கும் பாட்டுகள் எப்போதும் உலாவுகின்றன (கேட்கும் பாட்டு அல்ல, தானாக ஓடும் ‘பாட்’ நிரல்கள்). லிமிட்ஸ் பகுதியில் கிளையன்ட்ஸ் 100 என்று இருக்கும்: 101-ஆவது ஆளை ஐஸ்காஸ்ட் திருப்பி அனுப்பிவிடும், இணைப்பு வேகம் போதவில்லை என்று நீங்கள் தவறாக நினைப்பீர்கள். 300 வையுங்கள்.

பர்ஸ்ட்-சைஸ் 65535 பைட். ஒருவர் இணைந்ததும் ஒரே மூச்சில் அனுப்பப்படும் அளவு அது. 128 கேபிபிஎஸ்ஸில் 4 நொடி ஒலி. பிளேயர் உடனே பாட ஆரம்பிப்பது இதனால்தான். இதைக் குறைத்தால் நேரலைத் தாமதம் சற்றுக் குறையும், ஆனால் மொபைல் டேட்டாவில் திக்கும். விட்டுவிடுங்கள்.

ஒலிமேடை

மேலே சொன்னது சரி. ஆனால் விபிஎஸ்ஸில் ஐஸ்காஸ்ட் மட்டும் வைத்தால் கரண்ட் பிரச்சினை தீராது: அறை அணைந்ததும் சோர்ஸ் போய்விடும், கேட்பவர்கள் அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். பாட்டுகளையும் விபிஎஸ்ஸுக்கு ஏற்றி, அங்கேயே லிக்விட்சோப் (எந்த ஒலி எப்போது போக வேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதி இயக்கும் மென்பொருள்) ஓடவிடுங்கள். நிலையம் இருப்பது விபிஎஸ்ஸில், அல்சூர் அறை வெறும் மைக் என்று நினைத்துக்கொண்டு அமைத்தால் எல்லாம் சரியாக விழும்.

ஸ்கிரிப்டில் மூன்று ஒலிமூலங்கள் வேண்டும். ஒன்று ஹார்பர் இன்புட் (வெளியிலிருந்து வரும் நேரலையை வாங்கும் வாசல்), 8005 போர்ட்டில். பட் இனி ஐஸ்காஸ்டோடு பேசாது, இதோடுதான் பேசும். இரண்டாவது பாட்டு ஃபோல்டரைப் படிக்கும் பிளேலிஸ்ட்; ரீலோட் மோடை ‘வாட்ச்’ என்று வைத்தால் புதுக் கோப்பு போட்டதும் தானே எடுத்துக்கொள்ளும். மூன்றாவது ‘சிங்கிள்’, அதாவது நிலையத்தின் பெயர் சொல்லும் ஒரே ஒரு கோப்பு. இந்த மூன்றையும் இதே வரிசையில் ஃபால்பேக்குக்குள் (முன்னது இல்லாதபோது அடுத்ததுக்கு மாறும் அமைப்பு) போடுங்கள். மூன்றாவதை விட்டுவிட்டால் ‘இந்த ஒலிமூலம் தவறக்கூடியது’ என்ற பொருளில் ஒரு பிழையைக் காட்டி லிக்விட்சோப் கிளம்பவே மறுக்கும். அது குறை இல்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே இதை நம்பலாம்.

ஃபால்பேக்கில் டிராக்-சென்சிடிவ் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இல்லையென்றால் 7 மணிக்கு நீங்கள் இணைந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு முடியும் வரை உங்கள் குரல் உள்ளே வராது. இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: நேரலை முடிந்ததும், இரண்டு மணி நேரம் முன்பு பாதியில் நின்ற பாட்டு அதே இடத்திலிருந்து தொடரும். கேட்க விநோதமாக இருக்கும். நேரலையிலிருந்து பிளேலிஸ்ட்டுக்குத் திரும்பும் டிரான்சிஷனில் பிளேலிஸ்ட்டை ஸ்கிப் செய்யச் சொன்னால் புதுப் பாட்டிலிருந்து தொடங்கும்.

நேரலையை பிளாங்க்-ஸ்ட்ரிப் (சத்தமில்லாத ஒலிமூலத்தை விலக்குவது) வழியாக அனுப்புங்கள், 15 நொடி, மைனஸ் 40 டெசிபல். மைக்கை மியூட் செய்துவிட்டு யாராவது டீ குடிக்கப் போனால் 15 நொடியில் பாட்டு வந்துவிடும். 5 நொடி என்று வைத்தால் பேசுபவர் யோசிக்கிற இடைவெளியிலெல்லாம் பாட்டு பாயும்.

சத்த அளவு தனி வேலை. 60-களின் ஒலிப்பதிவும் இப்போதைய ஒலிப்பதிவும் அடுத்தடுத்து வந்தால் கேட்பவர் கை வால்யூமிலேயே இருக்கும். ஓடும்போது சரிசெய்வதைவிட, ஏற்றும் முன்பே எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலிக் கருவியின் லவுட்நார்ம் ஃபில்டரில் மைனஸ் 16 லஃப்ஸ் (சத்த அளவின் அலகு), ட்ரூ பீக் மைனஸ் 1.5 என்று இரண்டு சுற்றாக ஓட்டி எடுங்கள். வெளியீட்டுச் சாம்பிள் ரேட் 44100 என்று கட்டளையிலேயே கொடுங்கள். அந்த ஃபில்டர் உள்ளுக்குள் 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றும். சொல்லாமல் விட்டால் கோப்பு வேறு ரேட்டில் வந்து நிற்கும்.

அறையில் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று போதும். பழைய டெஸ்க்டாப்புக்குப் பதில் லேப்டாப்பில் பட் ஓட்டினால் அதன் பேட்டரியே அதற்கு யூபிஎஸ்.

ஐடிபிஎல்_பக்கம்

பிளேயர் ஏன் ஊமையாக இருக்கிறது என்றால், ஹெச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள் ஹெச்டிடிபி ஓடையைச் சேர்க்க உலாவி தடை போடுகிறது. ஐஸ்காஸ்டுக்கு முன்னால் என்ஜின்எக்ஸை (வரும் இணைப்பை உள்ளே கைமாற்றும் வலை சர்வர், அதாவது பிராக்சி) வையுங்கள். ‘ஓடை’ மாதிரி ஒரு துணைப்பெயரை டொமைனில் உருவாக்கி விபிஎஸ்ஸுக்குத் திருப்புங்கள், செர்ட்பாட் கருவியில் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ் எடுங்கள், 443-இல் வருவதை உள்ளே 8000-க்கு அனுப்புங்கள். ஐஸ்காஸ்டின் பைண்ட் முகவரியை 127.0.0.1 (அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும் முகவரி) ஆக்கிவிட்டால் 8000 வெளியே தெரியாது. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் 80, 443 தவிர வேறு போர்ட்டை அடைத்து வைப்பது சகஜம். அந்தக் கூட்டமும் இதனால் கேட்க முடியும்.

என்ஜின்எக்ஸில் பிராக்சி-பஃபரிங் ஆஃப் என்று மறக்காமல் போடுங்கள். முடிவே இல்லாத ஓடையைச் சேர்த்து வைத்து அனுப்புவதில் அர்த்தமில்லை. இன்னொன்று: பிராக்சியில் ஒரு கேட்பவருக்கு இரண்டு இணைப்பு செலவாகும். வொர்க்கர் ஒன்றுக்கு 768 என்ற உபுண்டு அளவிலேயே விட்டால் 380 பேரைத் தாண்டும்போது திணறும். 4096 ஆக்குங்கள். ஐஸ்காஸ்ட் பதிவில் எல்லோருக்கும் 127.0.0.1 என்றுதான் வரும், ஊர்வாரிக் கணக்கு வேண்டுமானால் என்ஜின்எக்ஸ் பதிவைப் பாருங்கள்.

மெட்ரோவில் போகிறவர் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அவர் ஐபி மாறும், இணைப்பு அறுந்துபோகும். பிளேயர் ஸ்கிரிப்டில் எரர், ஸ்டால்டு, எண்டெட் மூன்றுக்கும் 3 நொடி பொறுத்து, முகவரியின் பின்னால் நேரத்தைச் சேர்த்து மறுபடி இயக்கச் சொல்லுங்கள். நேரம் சேர்க்காவிட்டால் சில உலாவிகள் பழைய தேக்கத்தையே எடுத்துப் பாடும்.

ஆக் என்ற ஒலி வடிவம் வேண்டாம், ஐபோனில் நம்ப முடியாது. எம்பி3 எங்கும் ஓடும்.

எழுத்துரு_எக்ஸ்

கிறுக்கல் எழுத்துக்கு: எம்பி3 ஓடையில் வரும் தலைப்பை ஐஸ்காஸ்ட் லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8-இல் குறைந்தது 3 பைட். அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாகக் காட்டினால் நீங்கள் பார்த்த கிறுக்கல். ஐஸ்காஸ்டின் எக்ஸ்எம்எல் கோப்பில் மவுண்ட் (ஓடையின் முகவரி) பகுதிக்குள் சார்செட் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி சேருங்கள்.

அப்படியும் சில பாட்டுக்குத் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டால் கோப்பில் ஐடி3 டேகின் (பாட்டு விவரம் எழுதும் இடம்) பழைய முதல் பதிப்பு இருக்கிறது. அதில் தலைப்புக்கு 30 பைட்தான் இடம், தமிழில் 10 குறியீடு, உயிர்மெய் என்றால் இன்னும் குறைவு. பழைய டேகை நீக்கி 2.4 பதிப்பில் எழுதுங்கள். கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாக வந்தால் அது அந்தப் பெட்டியில் தமிழ் எழுத்துரு இல்லாத குறை, உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை.

பதிப்புரிமை_பார்வை

இணைய வானொலிக்கு எஃப்எம் மாதிரி அலைவரிசை உரிமம் தேவையில்லை. செய்தி, நடப்பு விவகாரம் வாசித்தால் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

பாட்டில் இரண்டு அடுக்கு உரிமை. வரியும் மெட்டும் ஒன்று, அதற்கு ஐபிஆர்எஸ் (பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கான உரிமச் சங்கம்). ஒலிப்பதிவு மற்றொன்று, அதற்கு பிபிஎல் (இசை நிறுவனங்களின் ஒலிப்பதிவுக்கு உரிமம் தரும் அமைப்பு) அல்லது நேராக அந்த இசை நிறுவனம். ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் வாங்கியதாக நினைப்பவர்கள் அதிகம். பிபிஎல்லிடம் போனால் உங்கள் பாட்டுப் பட்டியலைக் கொடுத்து, எந்தெந்த நிறுவனம் அவர்கள் கைக்குள் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். பதிப்புரிமைச் சட்டம் 31டி பிரிவின் சட்டப்பூர்வ உரிமத்தை நம்பி இறங்காதீர்கள்: அது இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது.

ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. 1964 வரை வெளியானவை அந்த அடுக்கில் விடுபட்டுவிட்டன. ஆனால் வரிக்கு, எழுதியவர் இறந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே 1960-இல் வந்த அவர் பாட்டின் ஒலிப்பதிவு விடுபட்டாலும் வரிக்கு 2041 முடிய உரிமம் வேண்டும். மெட்டுக்கும் இதே கணக்கு. தேவாரம், திருப்புகழ் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அவற்றைப் பாடிய ஒலிப்பதிவு, பதிவு செய்த நிறுவனத்துடையது.

உங்கள் இரண்டாயிரத்தில் விபிஎஸ் அடங்கும், உரிமம் அடங்காது. பேச்சு, நேர்காணல், உள்ளூர்ப் பாடகர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பாட்டு என்று தொடங்குவதுதான் கையைக் கடிக்காது.

அல்சூர்_அலை

வான் ஐபி 100.72 என்று தொடங்குகிறது, சிஜிநாட்தான். விபிஎஸ் எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: சோதனைக்காக ‘பட்’ மென்பொருளை நேராக ஐஸ்காஸ்டோடு இணைத்தபோது, நெட் ஒரு கணம் போய் வந்ததும் ‘மவுண்ட்பாயிண்ட் உபயோகத்தில் இருக்கிறது’ என்று 403 காட்டி உள்ளே விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானே சரியாகிறது.

கம்பிவட்டம்

பழைய இணைப்பு அறுந்தது ஐஸ்காஸ்டுக்கு இன்னும் தெரியாது. சோர்ஸ்-டைம்அவுட் 10 நொடி. அது தீரும் வரை அந்த மவுண்ட் பழையவருக்கே சொந்தம். அதை 5 நொடிக்குக் கீழே இறக்கினால் சின்னத் தடங்கலுக்கெல்லாம் வெட்டிவிடும், கை வைக்காதீர்கள். பட்டில் தானாக மறுஇணைப்பு வசதியை இயக்கி, இடைவெளியை 5 நொடி என்று வையுங்கள்; இரண்டு மூன்று முறை முட்டிப் பார்த்து உள்ளே போய்விடும்.

லிக்விட்சோப் வைத்த பிறகு ஐஸ்காஸ்டுக்கு சோர்ஸ் எப்போதும் அதே விபிஎஸ்ஸில் இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் இது வராது. ஹார்பரிலும் பழைய இணைப்பு தீரும் வரை இதே மாதிரி மறுக்கும், ஆனால் அந்த நொடிகளில் கேட்பவர்களுக்குப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஃபயர்வாலில் 8005-ஐத் திறந்தீர்களா என்று மட்டும் பாருங்கள், 22, 80, 443 திறந்துவிட்டு இதை விட்டுவிடுவது வழக்கம்.