காஞ்சிபுரம் ஒரே நாள்: எந்தக் கோயிலை விடக்கூடாது?

கேள்வி:
பழைய கட்டடக்கலை பார்க்கணும்னே காஞ்சிபுரம் கிளம்புறோம், கையில ஒரு நாள்தான் இருக்கு. கல்வேலை நல்லா இருக்கிற இடமா, ஓடாம நின்னு பார்க்கிற மாதிரி சொல்லுங்க. எதை விட்டா பரவாயில்ல?

பதில் 1:
கைலாசநாதர்ல ஆரம்பிங்க, அதுவும் காலையிலயே. ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டினது, பெரும்பாலும் மணற்கல், அதனால நிறைய சிற்பம் அரிச்சுப் போயிருக்கு, ஆனா அந்த சிங்கத் தூணுங்க இன்னும் கம்பீரமா நிக்குது. சுத்துச் சுவரை ஒட்டி குட்டி குட்டியா 58 சன்னதி இருக்கு, யாரும் எட்டிப் பார்க்காம போயிடுறாங்க, தயவுசெஞ்சு குனிஞ்சு உள்ள பாருங்க, சிலதுல பல்லவர் கால ஓவியம் துண்டு துண்டா மிஞ்சியிருக்கு, ஒண்ணுல சோமாஸ்கந்தரே (சிவன், பார்வதி, நடுவுல குழந்தை முருகன்) தெரியும். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடிச்சப்போ இந்தக் கோயில் சொத்தைத் தொடாம திருப்பிக் கொடுத்துட்டு அதை கன்னடத்துல கல்வெட்டா வெட்டி வெச்சான், மண்டபத் தூண்ல இருக்கு. ஜெயிச்சவனையே மயக்கின கோயில்ங்க இது!

பதில் 2:
அவர் சொன்னது சரி, கூடவே வைகுண்டப் பெருமாள் கோயிலும் கட்டாயம். மூணு நிலைக் கருவறை, பெருமாள் கீழ உட்கார்ந்த கோலம், நடுவுல படுத்த கோலம், மேல நின்ற கோலம். ஆனா என்னைக் கேட்டா அசல் விஷயம் சுத்துப் பிராகாரச் சுவர்தான், பல்லவர் வரலாறு மொத்தமும் வரிசையா செதுக்கியிருக்கு. வாரிசு இல்லாம அரசர் இறந்ததும் பெரியவங்க போய் 12 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்து பட்டம் கட்டுறாங்க, அந்தப் பையன்தான் கோயில் கட்டின இரண்டாம் நந்திவர்மன். படிச்சுட்டுப் போனா ஒவ்வொரு பேனலும் புரியும்.

பதில் 3:
திருப்பருத்திக்குன்றத்தை யாரும் சொல்லலையே? ஊரை ஒட்டியே இருக்கிற சமணக் கோயில், சங்கீத மண்டபத்து விதானம் (மேற்கூரை) பூரா தீர்த்தங்கரர், அதாவது சமண குருமார், கதை ஓவியம். நேரம் மிஞ்சினா வரதராஜர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துக் கல் சங்கிலி. ஏகாம்பரநாதர்ல கிருஷ்ணதேவராயர் 1509ல கட்டின ராஜகோபுரத்தை வெளிய நின்னாவது அண்ணாந்து பார்த்துடுங்க, பல்லவர் வேலையைப் பார்த்துட்டு வந்தா வித்தியாசம் பளிச்னு தெரியும். மதியம் நடை சாத்திட்டா சாயங்காலம்தான் திறப்பாங்க, அதுக்கேத்த மாதிரி பிளான் பண்ணுங்க.