பெப்பா பிக் சிலந்திக் கதை நாலு வயதுப் பிள்ளைக்குச் சரிவருமா?

மாங்குளம் அம்மா:
மகனுக்கு நாலு வயது. பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டிக் காட்டூன் என்றால் உயிர். ஒரு கதை ஐந்து நிமிடம்தான், அடிதடி இல்லை, கெட்ட பேச்சு இல்லை என்று நம்பிப் போட்டுவிட்டு நான் குசினிக்குள் போய்விடுவேன். நேற்றுப் பார்த்தால் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு பெரிய சிலந்தியைப் பிடிக்கக் கையை நீட்டுகிறான். கத்திக்கொண்டு ஓடினேன். "அது ஒண்டும் செய்யாது அம்மா, பெப்பாவின்ர அப்பா சொன்னவர்" என்கிறான். நெஞ்சுப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்காரரோ "காட்டூன்தானே, விடு" என்கிறார். நிறுத்துவதா?

கிளிநொச்சி முன்பள்ளி ரீச்சர்:
தங்கச்சி, நீங்கள் பயந்தது சரி. இதே கதையை அவுஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி 2012இல் ஒளிபரப்பிலிருந்து எடுத்துவிட்டது. அது பிரித்தானியத் தொடர், அங்கே வீட்டுச் சிலந்தியால் பெரிய ஆபத்து இல்லை, அதனால் அப்பா பன்றி பயத்தைத் தெளிவிப்பது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். அவுஸ்திரேலியாவிலோ கடித்தால் உயிருக்கே ஆபத்தான சிலந்திகள் உண்டு. உங்கள் மாங்குளத்திலும் கால் விரித்தால் 20 சென்ரிமீற்றர் வரும் மரச்சிலந்தி இருக்கிறது, 2012இல்தான் அதைப் புது இனமென்று பதிந்தார்கள். தொடரை நிறுத்த வேண்டாம், அந்த ஒரு கதையைத் தனியே பார்க்க விடாதீர்கள்.

ஒட்டுசுட்டான் அப்பா:
எனக்கு இதைவிடப் பெரிய பயம் புதையல் தோண்டும் கதைகள். போன மாதம் மகள் பக்கத்து வளவிலிருந்து துருப்பிடித்த இரும்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு "அப்பா, புதையல்" என்று வந்தாள். பழைய மண்வெட்டித் துண்டு. ஆனால் அதைக் கையில் வாங்கும்வரை எனக்குக் கால் நடுங்கியது, மிதிவெடி எடுக்கும் வேலை இன்னும் முடியாத மண் இது. அடிதடி இருக்கா, கெட்ட வார்த்தை இருக்கா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம். அதைப் பார்த்துவிட்டு வளவுக்குள் இறங்கினால் பிள்ளை எதைத் தொடும் என்றும் பார்க்க வேண்டும். நான் இப்போது எதையும் முதலில் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.

வவுனியா அம்மா:
ஒட்டுசுட்டான் அண்ணா சொன்னதோடு வேகத்தையும் கவனியுங்கள். 2011இல் அமெரிக்காவில் 60 நாலு வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். காட்சிகள் படபடவென்று மாறும் காட்டூனை 9 நிமிடம் பார்த்தவர்கள், அந்த நேரம் படம் வரைந்த பிள்ளைகளைவிட, பொறுமையும் கவனமும் வேண்டிய வேலைகளில் உடனேயே பின்தங்கினார்கள். பெப்பா மெதுவான தொடர், அந்த வகையில் பரவாயில்லை. அப்புறம், இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மாங்குளம் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. இன்று பக்கத்தில் இருந்து அதே கதையைப் போட்டேன். அப்பா பன்றி அதைச் சொன்ன இடத்தில் நிறுத்தி, "அது அவையின்ர ஊர்ச் சிலந்தி" என்றேன். "அப்ப எங்கட சிலந்தி கடிக்குமோ?" என்று கேட்டான். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு விறகடிக்குப் போனோம், எட்ட நின்று இரண்டு பேரும் பார்த்தோம். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.