வாசலில் பை திறக்கும் நேரம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடிக் காற்று:

வரும் பாடசாலை விடுமுறைக்கு மட்டக்களப்பில் ஒரு கார்னிவல் போட நண்பர்கள் சேர்ந்து ஓடித்திரிகிறோம். ராட்டினம், சிறுவர் ரயில், மரணக்கிணறு, சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றுக்கும் ஆள் பேசியாகிவிட்டது. வாசல் பொறுப்பு என்னுடையது. வளைகுடாவில் ஒரு தீம் பார்க் வாசலில் சில வருடங்கள் செக்கியூரிட்டியாக நின்றிருக்கிறேன், அதனால்தான். கத்தி, துவக்கு, வெடிப்பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது. அதே நேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சந்தோசமாக வரும் சனத்தின் முகம் வாசலிலேயே வாடிப்போகவும் கூடாது. நம்முடைய மாவட்டத்தில் சோதனை என்றாலே ஆக்களுக்கு நிறையப் பழைய ஞாபகங்கள் வரும். அதனால் உங்களுக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்வோம் என்று நினைத்தேன்.

முதலில் என்னுடையதைச் சொல்கிறேன். அந்த பார்க்கில் ஒரே மேசையில் இரண்டு வேலை பார்த்தோம். ஆயுதம் தேடுவது ஒன்று, வெளிச் சாப்பாடு தேடுவது மற்றது. பாதுகாப்புக்காக என்று சொல்லித்தான் பையைத் திறக்கச் சொல்வோம். திறந்த பிறகு நாங்கள் எடுத்து வெளியே வைப்பது பிஸ்கட் பக்கட்டையும் பிள்ளைக்குக் கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பெட்டியையும். தாய்மாரின் முகம் அந்த இடத்தில்தான் மாறும். அடுத்த முறை வரும்போது அவர்களே சாப்பாட்டைத் துணிக்கு அடியில், டயப்பருக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருவார்கள். எல்லாரும் எதையாவது ஒளிக்கத் தொடங்கினால், உண்மையிலேயே கெட்ட சாமானை ஒளித்து வருபவனை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சாப்பாட்டு வியாபாரத்துக்காக வாசலின் மேல் இருந்த நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் எண்ணம். எங்கள் கார்னிவலில் சாப்பாட்டுப் பெட்டியில் கை வைக்க மாட்டோம். இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை, கடை எடுத்தவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று ஊரில் கண்டது. ஒரு கோயில் திருவிழா வாசலில் தொண்டராக நின்றபோது படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். இடுப்பில் வெற்றிலைப் பை. உள்ளே காய்ந்த வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, பித்தளைப் பிடி போட்ட பாக்குவெட்டி. வாசலில் நின்ற பொடியன் அதை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, “அம்மா, இது என்ன?” என்று சத்தமாகக் கேட்டான். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சீலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வந்து பாக்குவெட்டியை வாங்கி ஒரு துணியில் சுற்றி, இலக்கம் எழுதிய அட்டைத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, “போகும்போது இதைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கம்மா” என்றார். “என்ட தாய் தந்தது மகன், கவனமா வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே சோதனைதான்.

வாவிக்கரை:

சியோன் தேவாலயம் இருக்கிற நகரத்தில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம், அதனால் எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று அங்கே தற்கொலைக் குண்டு வெடித்தது. பெரிய பையோடு வந்தவனிடம் யார், எதற்கு வந்தீர்கள், பையில் என்ன என்று அங்கு நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். படம்பிடிக்க வந்ததாகச் சொன்னானாம். அதற்கு அனுமதி வேண்டும் என்று ஆலயத்துக்குள் விடாமல் வெளியே நிறுத்தியவர் அங்கேயே உயிரை விட்டார். ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் போனார்கள். அவன் உள்ளே போயிருந்தால் இன்னும் எத்தனை பேர் என்று நினைக்கவே முடியவில்லை.

அன்று அந்த வாசலில் எந்த மெசினும் இல்லை. புதிதாக ஒருவர் வந்தால் பக்கத்தில் போய்ப் பேசுகிற பழக்கம் மட்டும் இருந்தது.

நான் வேறு சபை. அதற்குப் பிறகு எங்கள் ஆலய வாசலில் ஆமியும் பொலிஸும் துவக்கோடு நின்றார்கள், பைபிள் பையைக்கூடத் திறந்து காட்டினோம். முதலில் பிள்ளைகள் துவக்கைப் பார்த்துப் பயந்தார்கள். மறுகா சபையே ஆட்களை நியமித்தது. சபையாரின் முகம் தெரிந்த, நிதானமாகப் பேசத் தெரிந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் “ஸ்தோத்திரம், எங்கிருந்து வாறீங்க, யாரோடு வந்தீங்க” என்று கேட்பார்கள். வருபவருக்கு அது வரவேற்பாக இருக்கும். கேட்பவர் முகத்தையும் கையையும் பையின் பாரத்தையும் பார்த்துக்கொள்வார். சும்மா வந்தவர் தடங்கலில்லாமல் பதில் சொல்லிவிட்டுப் போவார். மெசின் வாடகைக்கு எடுக்க முதல் இப்படி இரண்டு பேரைத் தேடுங்கள் தம்பி.

அக்கரைப்பற்று ராத்தா:

நான் ஆசிரியை. 2019 ஏப்ரல் 29ஆம் திகதி முகத்தை மூடத் தடை வந்த பிறகு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எனக்கு நிகாப் பழக்கம் இல்லை, அபாயாவும் ஸ்காஃபும்தான். ஆனாலும் கடை வாசல், ஆஸ்பத்திரி வாசல், பஸ் என்று எங்கு போனாலும் முதலில் கூப்பிடுவது எங்களைத்தான். “பேக் எக அரின்ன”, சிங்களத்தில் பையைத் திறக்கச் சொல்வது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

கொஞ்சக் காலம் கழித்து எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைத் தென்பகுதியில் ஒரு நீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். விடிய முதல் வெளிக்கிட்டு, வழியெல்லாம் பாட்டுப் பாடி வந்த பிள்ளைகள். எங்களுக்கு முன்னால் வந்த பஸ் நேரே உள்ளே போனது. எங்கள் பஸ்ஸை மட்டும் மறித்து, எல்லாரையும் இறக்கி, பைகளை நிலத்தில் கொட்டச் சொன்னார்கள். ஒரு பிள்ளையின் மாற்று உடுப்பு எல்லாருக்கும் முன்னால் தரையில் கிடந்தது. அந்தப் பிள்ளை அன்று தண்ணீரில் இறங்கவே இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நான் என்ன விளக்கம் சொல்வது?

நல்லதையும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு இடத்தில் பெண் உத்தியோகத்தர் ஒருவர் திரை கட்டிய சின்ன அறைக்குள் கூட்டிப்போய், “அக்கா, இன்று வருகிற எல்லாரையும் இப்படித்தான் பார்க்கிறோம், பையை நீங்களே திறந்து காட்டுங்க” என்று தமிழில் சொன்னார். ஆள் சிங்களம், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வந்தது. அவர் என் பைக்குள் கையே விடவில்லை, ஒரு குச்சியால் துணியை விலக்கிப் பார்த்தார். முன்னுக்கு நின்றவர்களையும் அப்படித்தான் பார்த்தார் என்பதை என் கண்ணால் கண்டேன். அதனால் எனக்குத் துளியும் கோபம் வரவில்லை. பெண்கள் பக்கத்துக்கு எத்தனை பேர் போடப் போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஒருவர் போதாது, அவருக்கும் தேத்தண்ணி குடிக்க, தொழப் போக நேரம் வேண்டும்.

பொத்துவில் ஓட்டோ:

அறுகம்பேயில் சுற்றுலா இடங்களில் தாக்குதல் நடக்கலாம் என்று 2024 ஒக்டோபர் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட்ட நாளை மறக்க மாட்டேன். திடீரென்று றோட்டெல்லாம் தடை, பொலிஸ், விசேட அதிரடிப்படை. ஒவ்வொரு ஓட்டோவையும் நிறுத்தினார்கள். வெள்ளைக்காரர் சிலர் அன்றே பெட்டி கட்டினார்கள். சிலர் கவலையே படவில்லை, “இவ்வளவு பேர் நிற்பது நல்லதுதானே” என்று அலைச்சறுக்கப் போனார்கள். நான் கவனித்தது, என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லக் கேட்டவர்கள் அங்கேயே தங்கினார்கள், ஒன்றும் தெரியாதவர்கள்தான் ஓடினார்கள். அதனால் உங்கள் நோட்டீசிலும் பஸ் ஸ்டாண்டிலும் முதலே போடுங்கள், பை பார்ப்போம், இன்ன சாமான் கொண்டுவர வேண்டாம் என்று. வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் மாங்காய் வெட்டக் கொண்டுவந்த கத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தூரத்து மட்டக்களப்பான்:

பிள்ளைகளோடு அமெரிக்காவில் ஒர்லாண்டோவுக்குப் போய் வந்ததைச் சொல்கிறேன். அங்கு டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்ட் என்ற மூன்று தீம் பார்க்குகளும் 2015 டிசம்பரில்தான் மெட்டல் டிடெக்டர் வைத்தன. டிஸ்னி அதோடு விளையாட்டுத் துவக்கு விற்பதையும் நிறுத்தியது, 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வேடமிட்டு வருவதையும் தடுத்தது. 2020இல் கொரோனாவுக்குப் பிறகு திறந்தபோது புது மாதிரி ஸ்கேனர் வந்தது. பையைத் தோளில் போட்டபடி நடந்து போகலாம். குடை, கண்ணாடிப் பெட்டி மாதிரிச் சாமானை மட்டும் கையில் முன்னால் நீட்டிப் பிடிக்கச் சொல்வார்கள். முழங்காலில் உலோகம் வைத்த என் மாமனாருக்கு மெசின் கத்தியது. ஒரு பக்கமாகக் கூட்டிப்போய், கதிரை கொடுத்து, கைக் கருவியால் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

ஆனால் அந்தப் புது மெசின்களையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. அந்த வகையில் பெயர்பெற்ற எவோல்வ் நிறுவனம் தன் கருவி எல்லா ஆயுதங்களையும் பிடிக்கும் என்பது போல மிகைப்படுத்திச் சொன்னது என்று 2024 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. நியூயோர்க் மாநிலத்தில் ஒரு பாடசாலையில் அந்த மெசினைத் தாண்டிக் கத்தி உள்ளே போய் ஒரு மாணவன் குத்தப்பட்டதும் நடந்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரையும் நினைவில் வையுங்கள். 2017 மே 22, இசை நிகழ்ச்சி முடிந்து சனம் வெளியே வரும்போது, அரங்குக்கு வெளியே உள்ள கூடத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். உள்ளே போகும் வழியை மட்டும் பார்த்தால் போதாது. சோதனைக்காக நீங்கள் றோட்டில் நிறுத்தி வைக்கும் வரிசையே ஒரு கூட்டம்தான். வரிசை நீள நீள ஆபத்தும் கூடுகிறது, பிள்ளைகளும் அழத் தொடங்குகிறார்கள்.

படுவான்கரை:

எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு விசயத்தை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

என் தொடையிலும் இடுப்புக்குக் கீழும் யுத்தத்தில் வெடித்த செல்லின் (எறிகணையின்) துண்டுகள் இருக்கின்றன. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று டொக்டர் விட்டுவிட்டார். மழைக்காலத்தில் நோவும், மற்றபடி பிரச்சினை இல்லை. ஆனால் கைக் கருவி அந்த இடத்துக்கு வந்தால் கத்தும். யுத்த காலத்தில் இந்தத் தழும்புக்காகவே என்னை வரிசையிலிருந்து தனியே எடுத்திருக்கிறார்கள். சந்தியில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி நடக்கச் சொல்லி, சேட்டைக் கழற்றச் சொல்லி... அதை எழுத விருப்பமில்லை.

யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து மகளை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். வாசலில் கருவி கத்தியது. பொடியன் மறுபடி வைத்தான், மறுபடியும் கத்தியது. “பொக்கட்டில் என்ன?” என்றான். ஒன்றுமில்லை என்றேன். “அப்ப ஏன் கத்துது?” என்று கேட்டான். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பின்னால் நூறு பேர் நிற்கும் இடத்தில்தானா அதைச் சொல்ல வேண்டும்? திரும்பி வந்துவிட்டோம். மகளுக்கு வேறு காரணம் சொன்னேன்.

என்னைப்போல் இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். செயற்கைக் காலோடு இருக்கிறவர்கள், எலும்புக்குத் தகடு வைத்தவர்கள், இராணுவத்தில் இருந்து காயப்பட்ட சிங்களச் சகோதரர்களும் அம்பாறைப் பக்கம் இருக்கிறார்கள். எங்களைச் சோதிக்காமல் விடச் சொல்லவில்லை. கட்டாயம் சோதியுங்கள், என் மகளும்தான் உள்ளே நிற்கப் போகிறாள். ஏன் என்று சத்தமாகக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காயம் எப்படி வந்தது என்பது வாசலில் நிற்பவருக்குத் தேவையில்லை. உலோகம் உடம்புக்குள்ளா, உடுப்புக்குள்ளா என்பது மட்டும்தான் தேவை.

கல்லடிக் காற்று:

படுவான்கரை அண்ணன், இதை எழுதியதற்கு நன்றி. நேற்றிரவு குழுவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு ஏற்பாட்டையே மாற்றினோம்.

கருவி கத்தினால் வாசலில் நிற்பவர் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. “இந்தப் பக்கம் ஒருக்கா வாங்க” என்று மட்டும் சொல்லி, திரை கட்டிய இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். கூட வந்த பிள்ளை உள்ளே வரவேண்டுமா, வெளியே எங்கள் ஆளோடு நிற்கவேண்டுமா என்பதை வந்தவரே சொல்லட்டும். கத்துகிற இடத்தைக் கையால் தொட்டுக் காட்டினால் போதும், அங்கே உடுப்புக்கு மேலால் தடவிப் பார்த்துவிட்டு விடுவோம். கடுதாசி, டொக்டர் துண்டு எதுவும் கேட்க மாட்டோம். உடம்பில் உலோகம் உள்ளவர்கள், இதயத்துக்குக் கருவி வைத்தவர்கள் வரிசைக்கு வர முதலே நேரே அந்தத் திரைக்கு வரலாம் என்று நோட்டீசில் போடுகிறோம். கர்ப்பிணித் தாய்மார் பயப்படத் தேவையில்லை, நடந்து போகும் மெட்டல் டிடெக்டர் எக்ஸ்ரே இல்லை, சிறிய காந்தப் புலம்தான். ஆனாலும் வேண்டாம் என்றால் கையால் பார்ப்போம்.

ராத்தா, பெண்கள் பக்கத்துக்கு நான்கு பேர் பேசியிருக்கிறோம், இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், இரண்டு முஸ்லிம் பிள்ளைகள். சிங்களம் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் வாசலில் இருப்பார். பையை ஆளே திறந்து காட்டும் முறையையும் உங்களிடமிருந்துதான் எடுத்தோம். மேசை இடுப்பு உயரத்துக்கு இருக்கும், நிலத்தில் எதுவும் வைக்க விட மாட்டோம்.

பை இல்லாமல் வருபவர்களுக்குத் தனி வழி. பாதிப் பேர் அப்படி வந்தாலே வரிசை கரைந்துவிடும் என்று பார்க் அனுபவத்தில் சொல்கிறேன். மெசினின் உணர்திறனை நாணயத்துக்கும் கத்துகிற அளவுக்குக் கூட்டப் போவதில்லை. எல்லாருக்கும் கத்தினால் நிற்பவர்களுக்குக் காது மரத்துப்போய், உண்மையான சத்தத்தையும் விட்டுவிடுவார்கள். வாவிக்கரை அண்ணன் சொன்னது போல, மெசினுக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள் நின்று “வாங்க, எங்கிருந்து வாறீங்க” என்று பேசுவார்கள். கலைந்து போகும் நேரத்துக்கு வெளியே ஆள் போடுவது பற்றிப் பொலிஸோடு திங்கட்கிழமை பேச இருக்கிறோம்.

பொத்துவில் தம்பி, நோட்டீஸ் வாசகம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியாகிவிட்டது. ஓட்டோ ஸ்டாண்டில் ஒட்டப் படம் அனுப்புகிறேன். சிங்களப் பகுதியை யாராவது நன்றாகத் தெரிந்தவரிடம் காட்டி, கடுமையாகத் தெரிகிற வரி இருந்தால் சொல்லுங்கள், அச்சுக்குக் கொடுக்க முதல் மாற்றிவிடலாம்.