மாமா ஒட்டிய பழைய மாதிரிக் கார்: வண்ணத்தை உரிப்பதா, அப்படியே வைப்பதா?

சிற்றுருளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா பள்ளிப் பருவத்தில் ஒட்டி முடித்த பிளாஸ்டிக் மாதிரிக் கார் ஒன்று, பரணைச் சுத்தம் செய்தபோது காலணிப் பெட்டிக்குள்ளிருந்து என் கைக்கு வந்து சேர்ந்தது. 1957ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர், நடுத்தூண் இல்லாத இரண்டு கதவு வகை, 1/25 அளவு. பம்பர் முதல் பம்பர் வரை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கிறது. உண்மையான கார் ஐந்து மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம் கொண்டது என்பதால் கணக்கு சரியாகவே வருகிறது. கிட் (ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பு) வந்த பெட்டியும் செய்முறைத் தாளும் கிடைக்கவில்லை.

காரின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வண்ணம் தூரிகையால் தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. பின்பக்க இறக்கைகளின் கீழே உள்ள வரிவரியான உலோகப் பட்டையும், அதன் மேலுள்ள எழுத்துகளும் வண்ணத்திற்குள் மூழ்கிவிட்டன. முன் கண்ணாடியின் இடப்புறத் தூண் இரண்டாக உடைந்து, கூரை ஒரு பக்கம் தொங்குகிறது. முன் கண்ணாடியில் பசை பட்ட விரல்ரேகை ஒன்று நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. பம்பர்களின் குரோம் திட்டுத்திட்டாக உதிர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் விட எனக்குப் புதிராக இருப்பது டயர்கள்தாம்: நான்கில் இரண்டு, வீலை உருக்கியது போல அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யாரும் சூடு காட்டியதாகத் தெரியவில்லை.

புதிய கிட்டுகளை நான்கைந்து முறை ஒட்டியிருக்கிறேன், பழையதைப் பிரித்ததில்லை. பிளாஸ்டிக்கிற்குக் கேடு வராமல் இந்த வண்ணத்தை எப்படி அகற்றுவது, உடைந்த தூணை எப்படி நிறுத்துவது, குரோமை வீட்டிலேயே மீட்க முடியுமா என்பவை என் கேள்விகள். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மேலே புதிய வண்ணம் அடித்துவிடலாமே என்று ஒரு யோசனையும் இருக்கிறது.

தூரிகைமுனை எழுதியது:

உப்புத்தாள் யோசனையை முதலில் கைவிடுங்கள். மாதிரிக் காரில் எழுத்துகளும் பட்டை வரிகளும் ஒரு மில்லிமீட்டரில் சில பங்கு உயரமே உள்ளவை. மேலிருக்கும் வண்ணத்தைத் தேய்த்து எடுக்கும்போது வண்ணம் போகும் அதே வேகத்தில் அவையும் போய்விடும். போனபின் மீட்பதற்கு வழியில்லை. பழைய வண்ணத்தின் மீது புதிய வண்ணம் அடிப்பதும் சரிவராது. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பூச்சை 1/25 கணக்கில் பெருக்கினால், உண்மையான காரின் மீது இரண்டரை மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். உங்கள் மாமா பூசியது அதைவிடத் தடிமனாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே வண்ணத்தைத் தேய்க்காமல், கரைத்து உரித்தே எடுக்க வேண்டும்.

அது எந்த வண்ணம் என்று தெரிந்தால்தான் எதனால் கரைப்பது என்று தீர்மானிக்க முடியும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக்குச்சியை 99 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பானெட்டின் அடிப்பக்கம் போன்ற மறைவான இடத்தில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் தாராளமாக ஏறினால் பெரும்பாலும் அக்ரிலிக் (நீர்சார்ந்த வண்ணம்); அப்படியானால் அந்த ஆல்கஹாலிலேயே உடற்பகுதியை ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் மெல்லத் தேய்த்தால் போதும். நிறம் அசையவில்லை என்றால் எனாமலாக (மெல்ல உலரும் எண்ணெய்சார்ந்த வண்ணம்) இருக்கும்; அந்தக் காலத்துச் சிறுவர்கள் தூரிகையால் பூசியது பெரும்பாலும் எனாமல்தான். அதற்கு டாட் 3 வகைப் பிரேக் ஆயிலில் ஓரிரு நாள் ஊறவைப்பது பழைய வழக்கம். தின்னரையும் அசிட்டோனையும் மட்டும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். கிட்டின் உடல் பாலிஸ்டைரீன். அவை இரண்டும் வண்ணத்தோடு சேர்த்து அதையும் கரைத்துவிடும்.

ஊறவைக்கும் முன் காரைப் பிரித்தாக வேண்டும். காரை ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் சில மணி நேரம் வையுங்கள். குழாயில் வந்த பழைய கெட்டிப் பசை குளிரில் நொறுங்கும் தன்மை அடைவதால், எடுத்தவுடன் மெல்லிய கத்தியின் அலகை இணைப்பில் நுழைத்து இலேசாகத் திருகினால் பல பாகங்கள் "டக்" என்ற ஓசையுடன் தனித்தனியாக வந்துவிடும். சில இணைப்புகள் அப்படி வராது. பிளாஸ்டிக் பசை சரியாகப் பிடித்த இடத்தில் இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே பொருளாகிவிட்டிருக்கும். அங்கே நுண்பல் ரம்பத்தால் அறுப்பதுதான் வழி. வலுக்கட்டாயமாக நெம்பினால் இணைப்பு விடாது, பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் உடையும்.

குரோமைப் பொறுத்தவரை, கிட்டுகளில் வருவது உண்மையில் குரோமியமே அன்று. பிளாஸ்டிக் மீது ஒரு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய படலம். வீட்டில் துணி வெளுக்கப் பயன்படும் பிளீச் திரவத்தில் போட்டால் அந்த அலுமினியம் விரைவில் கரைந்து போய்விடும். அடியில் மஞ்சள் நிறமாக எஞ்சுவது வார்னிஷ். அதையும் ஆல்கஹாலில் அகற்றினால்தான் கிரில்லின் (முன்பக்கக் கம்பிவலையின்) கூரிய வரிகள் வெளிப்படும். பிறகு பளபளப்பான கருப்பு வண்ணத்தைத் தூசியில்லாமல் அடித்து, நன்றாக உலர்ந்தபின் அல்கிளாட் போன்ற உலோக வண்ணத்தை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி) மிக மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். கருப்பின் பளபளப்பு எவ்வளவோ அவ்வளவே குரோமின் பளபளப்பும் அமையும். ஏர்பிரஷ் இல்லையென்றால் மொலோட்டோ திரவக் குரோம் பேனா போதுமானது. அதன்மேல் பாதுகாப்புக்காகத் தெளிவான லாக்கர் (வீரியமான கரைப்பான் கலந்த, விரைவில் உலரும் பூச்சு) அடிக்க வேண்டாம். அடித்தால் கண்ணாடி போன்ற மினுக்கு மங்கி வெறும் சாம்பல் நிறமாகிவிடும்.

பிளீச்சோடு அம்மோனியா கலந்த திரவத்தையோ அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு உண்டாகும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

அரைமில்லி எழுதியது:

தூரிகைமுனை அவர்கள் சொன்னவற்றில் பிரேக் ஆயில் பற்றிய பகுதியை மட்டும் நான் மறுக்கிறேன். அது வண்ணத்தை உரிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் என் அனுபவத்தில், ஒரு காரின் உடலை "இன்னும் ஒரு நாள்" என்று சொல்லிச் சொல்லி ஒரு வாரம் ஊறவைத்துவிட்டேன். எடுத்தபோது ஏற்கெனவே மெலிந்திருந்த கூரைத் தூண்கள் பிஸ்கட்டைப் போல ஒடிந்தன. பழைய பிளாஸ்டிக்கில் ஏற்கெனவே இருந்த உள் அழுத்தம்தான் காரணம் என்று நண்பர்கள் ஆறுதல் சொன்னார்கள், இருக்கலாம். உங்கள் காரில் ஒரு தூண் முன்பே உடைந்திருக்கிறது, மற்றதும் அதே வயதுடையது. மேலும், பயன்படுத்திய பிரேக் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதைச் சேர்த்துவைத்து முறையாக அப்புறப்படுத்துவது தனி வேலை.

நான் இப்போது எனாமலுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள அடுப்புத் துப்புரவு நுரையைப் பயன்படுத்துகிறேன். உடற்பகுதி முழுவதும் நுரையைத் தெளித்து, காற்றுப் புகாத பையில் போட்டு, சில மணி நேரத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். தோலில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் கண்ணுக்குக் கவசமும் தடித்த கையுறையும் கட்டாயம். எந்த முறையானாலும் கண்ணாடிப் பாகங்களை அதில் போடவே கூடாது. தெளிவான பிளாஸ்டிக் மயிரிழை போன்ற விரிசல்களால் நிறைந்துவிடும்.

வண்ணத்தை உரித்தபின் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்புப் பிளாஸ்டிக்காக இருந்து, நீங்கள் வெள்ளையோ வெளிர்நிறமோ பூச நினைத்தால், சில மாதங்களில் சாயம் மேலே கசிந்து வெள்ளை இளஞ்சிவப்பாகும். அதைத் தடுக்க முதலில் வெள்ளி நிற லாக்கரை ஓர் அடுக்கு அடித்துவிட்டு, அதன் மேல் பிரைமர் (வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடிக்கலாம். எனாமலின் மீது லாக்கர் அடித்தால் சுருங்கும். லாக்கரின் மீது எனாமல் அடித்தால் சுருங்காது. இந்த வரிசையை மறந்து உடலை இரண்டாவது முறை உரித்தவர்களில் நானும் ஒருவன்.

பழையசக்கரம் எழுதியது:

டயர் புதிருக்கு விடை இருக்கிறது. டயர்கள் மென்மையாக இருப்பதற்காகப் பி.வி.சி. பிளாஸ்டிக்கில் நெகிழ்வூட்டும் எண்ணெய்ப்பொருள் ஒன்றைக் கலக்கிறார்கள். அந்தப் பொருள் காலப்போக்கில் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது. சூடே வேண்டியதில்லை, தொடர்பும் காலமும் போதும். பெட்டிக்குள் பிரிக்காமலே கிடந்த கிட்டுகளில்கூட டயர், கண்ணாடியின் மேல் சாய்ந்து கிடந்து அரை வட்ட வடுவை உண்டாக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டயர்களை மெல்லக் கழற்றி, வீலின் பள்ளங்களைப் புட்டியால் நிரப்பிச் சமப்படுத்துங்கள். மீண்டும் மாட்டும்போது வீலின் விளிம்பில் மெல்லிய உலோகத் தாளைச் சுற்றிவிடுங்கள். புதிய கிட் வாங்கினால் முதல் வேலையாக டயர்களைத் தனிப் பையில் போடுவது என் வழக்கம்.

இனித் தூண். இந்தக் காரின் முன் கண்ணாடி இரு பக்கமும் வளைந்து கதவை நோக்கித் திரும்புவது. ஆகவே தூணும் நேர்க்கோட்டில் நிற்காமல் உள்நோக்கி மடங்கியிருக்கும். வெறும் கண்ணளவில் ஒட்டினால், வண்ணமெல்லாம் அடித்து முடித்தபின் கண்ணாடி உள்ளே அமராது. எனவே கண்ணாடியையே அளவுச்சட்டமாகக் கொள்ளுங்கள். அதைத் தற்காலிகமாக ஒட்டுநாடாவால் உள்ளே பொருத்தி, தூணின் இரண்டு துண்டுகளும் அதன் விளிம்பைத் தொடுமாறு நிறுத்தி, நிலையைக் குறித்துக்கொண்டு, கண்ணாடியை அகற்றிவிட்டு ஒட்டுங்கள். முனையோடு முனை ஒட்டிய தூண் ஒருமுறை கை தவறினால் மீண்டும் உடையும். இரு முனைகளிலும் கைத்துரப்பணத்தால் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு, அதே தடிமனுள்ள பித்தளைக் கம்பியை இரண்டுக்கும் இடையில் ஆணிபோலச் செருகி, சூப்பர் குளூவால் பிடிக்கவைத்தால் முன்பைவிட உறுதியாக நிற்கும். இடைவெளியில் சூப்பர் குளூ நிரப்பினால் அதை அன்றே தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். பசை தேயாமல் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மட்டும் குழியும்.

அந்தச் சூப்பர் குளூவை முன் கண்ணாடி ஒட்டப் பயன்படுத்திவிடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியில் வெண்பனியாகப் படியும். அதற்கு வெள்ளை நிறப் பி.வி.ஏ. பசையே போதும். விரல்ரேகைக்கு, 2000 எண் உப்புத்தாளில் தொடங்கி, தண்ணீர் தொட்டுத் தொட்டு 12000 வரை ஏறி, கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போட வேண்டும். முதல் கட்டத்தில் கண்ணாடி முழுவதும் பால்போல வெளுத்துவிடும். அங்கே பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தாம் அதிகம்.

சிற்றுருளி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பானெட்டின் அடியில் ஆல்கஹால் சோதனை செய்தேன், பஞ்சு வெள்ளையாகவே இருந்தது; ஆகவே எனாமல்தான். அரைமில்லி அவர்களின் எச்சரிக்கைக்குப் பிறகு பிரேக் ஆயிலைத் தொடவில்லை. நுரையைத் தெளித்து, அன்றிரவே பார்த்தபோது சிவப்பு, சுருங்கிய தோலைப் போலக் கழன்று வந்தது. அதன் அடியில் பிளாஸ்டிக்கை எதிர்பார்த்தேன்; அங்கே வான நீலம் இருந்தது. கூரை மட்டும் தந்த நிறம். மாமாவிடம் தொலைபேசியில் கேட்டேன். முதலில் அப்படித்தான் மிகப் பொறுமையாகப் பூசியதாகவும், "இது கல்யாண வண்டி மாதிரி இருக்கிறது" என்று என் அம்மா கேலி செய்ததால் மறுநாளே மேலே சிவப்பைக் கொட்டியதாகவும் சொன்னார். பட்டையும் எழுத்துகளும் ஏன் அப்படி மூழ்கியிருந்தன என்பது புரிந்துவிட்டது.

நீலத்தையும் உரித்தேன். பிளாஸ்டிக் வெள்ளைதான், கசிவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. எழுத்துகள் ஒன்றுவிடாமல் கூர்மையாக இருக்கின்றன. தூண் கம்பியோடு நிற்கிறது. இரண்டாவது முயற்சியில்தான், முதல் துளையைக் கோணலாக இட்டுவிட்டேன். பானெட்டின் அடிப்பக்கத்தை மட்டும் உரிக்காமல் விட்டிருக்கிறேன். அங்கே நீலமும் அதன்மேல் வழிந்த சிவப்பும் அவர் கைப்பட்டபடியே இருக்கும். பானெட்டைத் திறப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மேலே மீண்டும் வான நீலமும் தந்த நிறக் கூரையும்தான் அடிக்கப்போகிறேன்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அவ்வளவு சிறிய எழுத்துகளுக்கு வெள்ளி நிறத்தைத் தூரிகையால் எப்படித் தொட்டு வைப்பது? என் கை அந்த அளவுக்கு நிதானமானதன்று.

தூரிகைமுனை எழுதியது:

தூரிகையே வேண்டாம். பிரைமர் அடித்தபின், நீலம் அடிப்பதற்கு முன், அந்த எழுத்துகளின் மேல் பேர்-மெட்டல் ஃபாயில் என்ற பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, கூர்மழுங்கிய பல்குத்தியால் எழுத்தின் ஓரங்களில் அழுத்திப் படியவையுங்கள். எழுத்துகளை ஒட்டிச் சுற்றியுள்ள தாளைப் புதிய அலகால் வெட்டி அகற்றிவிட்டு, வழக்கம்போல நீலத்தை மெல்லிய அடுக்குகளாக அடியுங்கள். வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும், அந்த வண்ணத்திற்குரிய கரைப்பானைப் பஞ்சுக்குச்சியில் ஈரம் மட்டும் தெரியுமளவு தொட்டு, எழுத்துகளின் உச்சியை ஒரே திசையில் வருடுங்கள். உச்சியிலுள்ள நீலம் போய் உலோகம் வெளிப்படும், பள்ளத்திலுள்ள நீலம் அப்படியே நிற்கும். வரிவரியான பட்டைக்கு இந்த முறை தேவையில்லை. அங்கே வண்ண வேலை முழுவதும் முடிந்தபின் தாளை ஒரே துண்டாக ஒட்டி, வரிகளின் நெடுக்கே தேய்த்துப் படியவைத்தால் போதும். முதலில் உதவாத வேறொரு உடற்பகுதியில் ஒருமுறை பழகிப் பாருங்கள். குச்சியில் ஈரம் கூடினால் பள்ளத்து நீலமும் சேர்ந்து வந்துவிடும்.